கிணற்றைப் பார்க்க ஆள் வேணும்

"வேலை செய்யுதுதானே, பிறகேன் உதைக் கிண்டுறியள்?"

லைப்ரரியை மாற்றவேண்டும் என்ற பேச்சு வந்தபோது எங்களுக்குள்ளேயே முதலில் எழுந்த கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சிறிய மென்பொருளைப் பராமரிக்கிறோம். யாருக்காவது அவசரமாக இரத்தம் தேவைப்பட்டால், அந்த வகை இரத்தம் கொடுக்கச் சம்மதித்துப் பதிந்தவர்களின் கைபேசிக்கு அது குறுந்தகவல் அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. எழுதியவர்கள் எங்களுக்கு முன்னம் படித்த அண்ணாமார். ஒருவர் இப்போது கனடாவில், மற்றவர் கொழும்பில். இருவருக்கும் நேரமில்லை, அதில் கோபிக்கவும் எதுவுமில்லை.

எங்கட சேவையகம் நோட் ஜேஎஸ்ஸில் ஓடுகிறது. குறுந்தகவல் சேவையோடு கதைப்பதற்கு அண்ணாமார் 'ரிக்குவெஸ்ட்' என்ற லைப்ரரியை எடுத்திருந்தார்கள். லைப்ரரி என்றால், யாரோ எழுதி எல்லாரும் எடுத்துப் பாவிக்கட்டும் என்று விட்ட நிரல். ஒரு காலத்தில் நோட் ஜேஎஸ் பழகுகிற எல்லாரும் வலையமைப்பு வேலைக்கு முதலில் எடுத்தது இதைத்தான். 2019 இல் அதைத் தொடங்கியவரே, இனி இதில் புதிய அம்சங்கள் வராது என்று அறிவித்தார். ஜாவாஸ்கிரிப்ட் மாறிவிட்டது, அதற்கேற்ப இதை மாற்றினால் இதில் தங்கியிருக்கும் எல்லாம் உடையும், இது முன்னுக்கு நிற்கும்வரை புதியவை வளரவும் முடியாது என்பது அவருடைய வாதம். 2020 பெப்ரவரி 11 இல் அது முழுமையாகக் கைவிடப்பட்டது. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியது நல்ல பழக்கம். அனேகமான லைப்ரரிகள் சொல்லாமலே செத்துப்போகின்றன.

சாத்திய கதவிலும் ஓட்டை விழும். 2023 இல் ரிக்குவெஸ்டில் ஒரு பாதுகாப்புக் குறை பதிவானது. நாங்கள் அனுப்பும் கோரிக்கையை வெளியில் உள்ள சேவையகம் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடலாம். அப்படித் திருப்பும்போது எச்ரிரிபிஎஸ் இலிருந்து எச்ரிரிபிக்கு மாற்றினால், உள்வலையமைப்புக்குள் போகவிடாமல் போட்ட காவலைத் தாண்டிவிட வழி இருந்தது. குறைக்கு இலக்கம் கொடுத்தாயிற்று, விளக்கமும் எழுதியாயிற்று. ஆனால் அதை அடைத்த புதிய பதிப்பு ரிக்குவெஸ்டின் பெயரில் வரவில்லை. எங்கட சேவையகத்துக்குள் இருப்பது சனத்தின் பெயர், கைபேசி இலக்கம், இரத்தவகை. எங்களை நம்பித் தந்தவை அவை. 'வேலை செய்யுதுதானே' என்ற கேள்வி அந்த இடத்தில் அடங்கிப்போனது.

முதலில் ரிக்குவெஸ்ட் எங்கெங்கே இருக்கிறது என்று தேடினோம். எங்கட நிரலில் நேரடியாக ஒரு தடவை. வேறொரு பொதிக்குள்ளால் இன்னொரு தடவை. அதுவும் தனியாக வருவதில்லை, தன்னோடு நேரடியாக வேறு 20 பொதிகளைக் கூட்டிவரும். பதிலுக்கு எதை எடுப்பது என்பதில் இழுபறி. கடைசியில், 2022 இல் வந்த 18 ஆம் பதிப்பிலிருந்து நோட் ஜேஎஸ்ஸோடு சேர்ந்தே வரும் 'ஃபெட்ச்' போதும் என்று முடிவெடுத்தோம். வெளியே போகிற கோரிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தோம். அடுத்தமுறை மாற்றுகிறவர் அந்தக் கோப்பை மட்டும் தொட்டால் போதும்.

பிறகுதான் வேலை தொடங்கியது. எதிர்ப்பக்கம் 500 என்று பிழை சொன்னாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கணக்கெடுக்காது, நாங்கள்தான் பார்க்கவேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் நாங்கள்தான் சொல்லவேண்டும். வேண்டுமென்றே பதில் சொல்லாத ஒரு பொய்ச் சேவையகத்தை எழுதி வைத்துச் சோதித்தோம். 10 வினாடியில் கோரிக்கை கைவிடப்பட்டது. சரி, அப்படியென்றால் குறுந்தகவல் போகவில்லையா? அதுதான் தெரியாது. போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். திரும்ப அனுப்பினால் ஒருவருக்கே நடுச்சாமத்தில் இரண்டு தரம் போகும். அனுப்பாவிட்டால் ஒருவருக்கும் போகாமலே இருக்கலாம். கனக்கக் கதைத்து, திரையில் 'தெரியவில்லை' என்று காட்டுவது, பொறுப்பில் இருப்பவர் நேரே கோல் எடுப்பது என்று தீர்மானித்தோம். எந்த லைப்ரரியும் இதை எங்களுக்காகத் தீர்மானித்துத் தராது.

எங்கட ஊர்களில் பங்குக் கிணறு இருக்கிறது. நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு கிணறு. அள்ளுகிறதுக்கு எல்லாரும் வருவினம். கோடையில் தண்ணி வத்தும்போது இறைச்சுச் சேறு எடுக்க ஆர் இறங்கிறது என்பதில்தான் பிரச்சினை வரும். மென்பொருள் உலகமும் இதில் வித்தியாசமில்லை. 2014 இல் 'ஹார்ட்பிளீட்' என்ற குறை வெளிவந்தபோதுதான், இணையத்தின் பெரும்பகுதியைக் காத்துக்கொண்டிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல்லில் முழுநேரமாக வேலை செய்தவர் ஒரேயொருவர், அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2000 டொலர் என்பது பலருக்குத் தெரியவந்தது. அள்ளினவர்களில் பெரிய பெரிய கம்பனிகளும் இருந்தன.

ரிக்குவெஸ்டைப் பற்றிக் கதைத்துக் கதைத்துக் கடைசியில் எங்களிடம்தான் வந்து நின்றோம். பராமரிப்பில்லாத லைப்ரரி என்றால் பழைய நிரல் என்று அர்த்தமில்லை, கூப்பிட்டால் வர ஆளில்லை என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால், பாதிப்பேர் வெளிநாட்டுக் கனவோடும் மீதிப்பேர் கொழும்பு வேலையோடும் இருக்கும் இந்த ஊரில், நாங்கள் எழுதுகிற ஒவ்வொன்றும் கைவிடப்படக் காத்திருக்கும் லைப்ரரிதான். போகிறவர்களைப் பிழை சொல்ல ஏலாது. போகமுதல் இன்னொருவருக்குக் காட்டிக்கொடுக்கலாம்.

அதனால் இப்போது அந்தக் கோப்பின் தலையில் பொறுப்பாளர்கள் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருக்கா எல்லாப் பொதிகளையும் பார்ப்பதற்கு ஒரு நாளும் குறித்திருக்கிறோம். அந்த இருவரில் ஒருவருக்கு விசா சரிவந்திட்டுது. வாற மாதம் போகிறார். அவருடைய பெயருக்குக் கீழே எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். நோட் ஜேஎஸ் தெரிந்திருக்கவேண்டும் என்றில்லை. பழக்கி எடுக்கிறது எங்கட பொறுப்பு.