இரவு எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?

ஒரு சின்ன கேள்வி மக்களே, யோசிக்காம பதில் சொல்லுங்க. இரவு எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?

ஹாஸ்டல்ல கேட்டா "ஆறரை"ன்னு ஒருத்தன் சொல்வான், "மெஸ்ல டின்னர் போடும்போது"ன்னு இன்னொருத்தன் சொல்வான். அமெரிக்காவில் ஒரு பைலட்டைக் கேட்டா, "எந்த இரவு?"ன்னு நம்மளையே திருப்பிக் கேட்பார். ஏன்னா அவங்க விமானச் சட்டத்தில் மூணு இரவு இருக்கு.

சூரியன் மறைஞ்ச உடனே விமானத்தில் விளக்கு எரியணும். அது முதல் இரவு. அந்தி வெளிச்சம் முடிஞ்சா, அதாவது சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே போயிட்டா, சட்டம் சொல்லும் 'இரவு'. நம்ம சென்னையில் இதுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வடக்கே போகப் போக நீளும். சூரியன் மறைஞ்சு 1 மணி நேரம் ஆனா மூணாவது இரவு. அதுக்கப்புறம் பயணியை ஏத்தணும்னா, கடந்த 90 நாளில் அதே இருட்டு நேரத்தில் 3 முறை கிளம்பி, 3 முறை இறங்கி முழுசா நிறுத்தியிருக்கணும்.

பொழுதுபோக்குக்காகப் பறக்கிற குட்டி விமானங்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். 254 பவுண்டுக்குக் குறைவான எடை, ஒரே சீட் உள்ள அல்ட்ராலைட்டை ஓட்ட அங்கே லைசென்ஸே வேண்டாம். ஆனா பகல்ல மட்டும்தான் பறக்கலாம். 3 மைல் தூரத்துக்குத் தெரியற எச்சரிக்கை விளக்கு இருந்தா, விடியலுக்கு முன்னாடி அரை மணி, அந்தியில் அரை மணி கூடுதலா கிடைக்கும்.

அதுக்கு அடுத்த படி, 2004-ல் வந்த ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ். இதுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் தேவையில்லை, கார் ஓட்டுற டிரைவிங் லைசென்ஸே போதும். ஆனா இரவில் பறக்கத் தடை. 21 வருஷம் கழிச்சு, 2025-ல் வந்த மொசைக் என்ற புது விதி அந்தத் தடையைத் தளர்த்தியது. இரவுப் பயிற்சி எடுத்து, பயிற்சியாளர் கையெழுத்து வாங்கினா பறக்கலாம். கூடவே ஒரு நிபந்தனை: இரவுக்கு டிரைவிங் லைசென்ஸ் போதாது, மருத்துவப் பரிசோதனை வேணும்.

ஒரே ஆள், ஒரே விமானம். பகலுக்கு ஒரு தகுதி, ராத்திரிக்கு இன்னொண்ணா? காரணம் இருக்கு. இருட்டுக்கு நம்ம கண் முழுசாப் பழக ஏறக்குறைய 30 நிமிஷம் ஆகும். சுத்தி விளக்கே இல்லாத இடத்தில் ஓடுபாதை மட்டும் மின்னினா, உண்மையைவிட உயரத்தில் இருக்கிற மாதிரி தோணும். பைலட் தேவைக்கு மேல கீழே இறக்கிடுவார். 1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய சின்ன விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து மூணு பேர் இறந்தாங்க. மங்கலான, இருட்டான இரவு. கடல் எது, வானம் எதுன்னு தெரியாம அவருக்குத் திசை உணர்வு தப்பிடுச்சுன்னு விசாரணை சொன்னது. அன்னைக்கு அப்படிப் பறக்க எந்த விதியும் தடையா இல்லை.

இதை நான் ஏன் எழுதறேன்னா, எங்க அப்பா லாரி ஓட்டறவர். 26 வருஷ சர்வீஸ். போன தீபாவளி சமயத்தில், எதிர்ல வர்ற ஹெட்லைட் எல்லாம் பூப்பூவா சிதறித் தெரியுதுன்னு சொன்னார். டாக்டர் பார்த்துட்டு, கண்புரை ஆரம்பிச்சிருக்குன்னார். அடுத்த நாளே அப்பா ஓனர்கிட்ட, "இனிமே ராத்திரி லோடு வேண்டாம்"னு சொல்லிட்டார். லைசென்ஸ் இன்னும் செல்லும். போலீஸ் யாரும் கேட்கலை. ஓனர்கூட, "கண்ணாடி போட்டுட்டு ஓட்டுங்கண்ணே"ன்னுதான் சொன்னார்.

ராத்திரி லோடுக்குத்தான் படி அதிகம். அது நின்னதால இந்த செமஸ்டர் ஃபீஸுக்கு அம்மாவோட வளையல் அடகுக்கடைக்குப் போச்சு. "ஆபரேஷன் வரைக்கும் சமாளிச்சு ஓட்டியிருக்கலாமேப்பா"ன்னு கேட்டேன். "எதிர்ல வர்றவனுக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்கும்ல"ன்னார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் புத்தகத்தில் எழுதி வெச்சிருக்கிற அதே நிபந்தனையை, அவர் தனக்குத்தானே போட்டுக்கிட்டார். ஆனா அதோட செலவை எங்க வீடு மட்டும் தாங்குது. விதியா இருந்திருந்தா, ராத்திரி வண்டி ஓட்டற எல்லாருக்கும் கண் பரிசோதனை நடந்திருக்கும். அப்பா மாதிரி ஒதுங்கினவர் மட்டும் நஷ்டப்பட்டிருக்க மாட்டார்.

நீங்களும் நைட் பஸ்ல ஊருக்குப் போறவங்கதானே? உங்க வீட்லயும் ராத்திரி வண்டி ஓட்டறவங்க இருந்தா, இந்த லீவுல ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. பைக்ல ராத்திரி ரைடு போற நீங்களும் கூடவே காட்டிடுங்க.