இருவர் ஆட்டம்

தோட்டத்துப் பெரியவர்களிடம் பூப்பந்து பற்றிப் பேச்செடுத்தால் பஞ்ச் குணாளன் பெயர் வாராதிருப்பதில்லை. 1971-ஆம் ஆண்டில் நம் குணாளன் சீமைக்குச் சென்று ஆல் இங்கிலாந்துப் பந்தயத்தை வென்று வந்த பெருமையை அவர்கள் சொல்ல, நாம் இளமை முதற் கேட்டிருக்கிறோம். பின்னாளில் அதே கதையை ஈப்போ காப்பிக் கடையொன்றில் சீன அன்பர் ஒருவர் சொன்னார். அவர் கதையிற் குணாளனைக் காணோம்! வென்று வந்தவர் இங் பூன் பீ ஒருவரே. இரு சாராரும் பொய் சொன்னாரல்லர். வென்றது இரட்டையர் பந்தயம், வென்றோர் இருவர். ஒரு வெற்றியை நடுவே அறுத்து, இனத்துக்கு ஒரு துண்டாக வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டோம், அவ்வளவே.

எடுத்துச் சென்ற துண்டு எதற்கும் உதவாதது என்பது இங் பூன் பீயின் ஆட்ட வாழ்வை நோக்கினார்க்கு விளங்கும். 1937-இற் பிறந்து 2022-இல் மறைந்த இவரைப் பேராக் மாநிலம் தன் மகனாகவே கொண்டாடியது. தான் யீ கானோடு சேர்ந்து 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தைப் பெற்றார். பின்னர் யீ கான் பூப்பந்தை விட்டுக் கோல்ஃப் ஆடப் போனார். துணை போனபின் முப்பது கடந்த ஆட்டக்காரனுக்கு என்ன மிச்சம் என்று உலகம் கேட்கும். இவரோ தம்மினும் ஏறக்குறைய 6 ஆண்டு இளையவரான, சிரம்பானிற் பிறந்த குணாளனைத் துணையாகக் கொண்டார். 1970-இல் எடின்பரோ காமன்வெல்த்துப் போட்டியிலும் பாங்காக் ஆசியப் போட்டியிலும் இருவரும் தங்கம் பெற்றனர். மறு ஆண்டு ஆல் இங்கிலாந்தும் வந்தது. அப்போது இங்குக்கு வயது 33.

குணாளன் தனித்தாடுவதிலும் வல்லவர் என்பதை மறுப்பாரில்லை. 1974-இல் ஆல் இங்கிலாந்து ஒற்றையர் இறுதி வரை சென்று, இந்தோனேசியாவின் ரூடி ஹார்ட்டோனோவிடம் தோற்றார். அதே ஆண்டு கிறைஸ்ட்சர்ச்சில் காமன்வெல்த்து ஒற்றையர் தங்கம் பெற்றார். ஆயினும் ஆல் இங்கிலாந்துப் பட்டம் என்று அவர்க்கு வாய்த்தது ஒன்றே. அஃது இங்கோடு சேர்ந்து பெற்றது.

இரட்டையர் ஆட்டம் ஒற்றையர் ஆட்டத்தின் இரு மடங்கு அன்று; அது வேறு ஆட்டம். 44 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள களத்தில் இருவர் நிற்கின்றனர். ஒருவன் முன்னே பாய்ந்தால் மற்றவன் பின்னே செல்ல வேண்டும். தனக்கு எட்டும் பந்தாயினும், துணைவன் கைக்கு அது நன்கு வாய்க்குமாயின் அடியாது விட்டுவிடல் வேண்டும். அடிக்கக் கற்றுக்கொடுக்க உபாத்தியாயர் உண்டு. விடக் கற்பது எளிதன்று. பழைய பதினைந்து புள்ளி முறையில் மற்றோர் அழகும் இருந்தது. பந்தைத் தொடங்கும் உரிமையுடைய பக்கமே புள்ளி பெறும். ஆட்டத் தொடக்கம் ஒன்று நீங்கலாக, ஒருவன் அவ்வுரிமையை இழந்தாலும் பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு முறை கிட்டும். ஒருவன் தவறினான் என்பதற்காக இருவரும் உடனே தண்டிக்கப்படவில்லை. 2006-இல் இருபத்தொரு புள்ளி முறை வந்தபோது இந்த இரண்டாம் வாய்ப்பு எடுபட்டது. அம்மாறுதலை முன்னின்று ஆதரித்தவர், அப்போது உலகச் சங்க நிர்வாகத்தில் இருந்த குணாளனே என்பது வேடிக்கை. ஆட்டம் விறுவிறுப்பானது மெய். நமக்கு மட்டும் பழைய முறையின் மேல் ஆசை தீரவில்லை.

குணாளன் வென்ற பின், மலேசியர் அந்த ஆடவர் இரட்டையர் பட்டத்தைத் திரும்பப் பெற 1982 வரையிலும், பிறகு 2007 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. 2007-இல் வென்றவர்கள் ஈப்போவிற் பிறந்த கூ கியன் கியட்டும் கெடாவின் தான் பூன் ஹியோங்கும். இப்போது நம்மவர் பேச்சில் அடிபடும் பெயர் தீனா முரளிதரன். அவரும் கெடாவின் பியர்லி தானும் 2022-இல் பர்மிங்காமிற் காமன்வெல்த்துத் தங்கம் பெற்றனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காமிடம். 2025-இல் அதே பாரிஸ் நகரில் உலகப் பந்தயத்தின் இறுதிக்குச் சென்றனர். மலேசியப் பெண் இரட்டையர் எவரும் அதற்கு முன் அவ்விடம் எட்டியதில்லை. நம் வீடுகளில் தீனாவின் பெயரைச் சொல்லுகிற பிள்ளைகளுள் எத்தனை பேர் பியர்லியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுகின்றனர்?

இவ்வளவு கேட்கும் நாம் எங்கே ஆடினோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சுங்கை சிப்புட்டை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில், விடியலில் பெரட்டு எடுக்கும் திடலே மாலையில் எங்கள் களம். கிராணிமார் வீட்டருகே சிமெண்டுத் தரையும் விளக்கும் உண்டு. அவர்கள் கழித்த பந்துகள் லயத்துக்கு வரும். பந்துக்குப் பதினாறு இறகு இருத்தல் வேண்டும். எங்களிடம் வந்தவற்றில் பத்து இருந்தால் அதிகம். காற்றடித்தால் பந்து பக்கத்து நிரைக்குள் ஓடும். பிள்ளைகள் பலர், களம் ஒன்று. ஆதலால் ஒற்றையர் ஆட்டம் என்பதே நாங்கள் அறியோம்.

வெள்ளையர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுச் சென்ற காலத்தில், அதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சம்பந்தன் 1960-இல் தொழிலாளரிடமே பணம் திரட்டித் தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் இடிந்தது, திடலிலும் செம்பனையே நிற்கிறது. குடும்பங்கள் புந்தோங்குக்கும் ஈப்போவின் ஓரங்களுக்கும் குடிபெயர்ந்தன.

நகரத்தில் மண்டபம் உண்டு. காற்று இல்லை, மழை இல்லை. ஆனால் மணிக்கணக்கில் வாடகை உண்டு. இறகுப் பந்தோ நன்றாக அடித்தால் ஒரு மாலைக்கே தாங்குவதில்லை. தனியாக ஒரு பிள்ளை இச்செலவைத் தாங்க முடியாது. நால்வர் கூடினால் முடியும். சென்ற மாதம் நாம் கண்ட ஒரு களத்தில் நம் பிள்ளைகள் இருவரே வந்திருந்தனர். அவர்கள் வாயிலில் நின்று, போவோர் வருவோரையெல்லாம் கேட்டு, முன்பின் அறியாத சீனப் பிள்ளைகள் இருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். வாடகையை நான்காகப் பகிர்ந்தபின், யார் யாரோடு சேர்வது என்பதற்கு மட்டையைச் சுழற்றிக் கீழே விட்டுப் பார்த்தார்கள்.