கார்த்திகைக் கடைசியில் மிளகாய் விதை

திருவேற்காட்டு மொட்டை மாடியில் ஆடிப்பட்டத்தை நம்பி மிளகாய் போட்டால் முதல் காயும் ஐப்பசி அடைமழையும் ஒன்றாகவே வந்து நிற்கும். நாற்றாக 35, 40 நாள். நட்டபின் பூவெடுக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். காய் திரளும் நேரத்தில் செடிப் பையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். கார்த்திகைக் கடைசியில், மழை படாத இடத்தில் விதைத்துப் பொங்கல் கழித்து நடுவதே இந்த ஊருக்கு மேல். பங்குனியில் காய் பறிக்கலாம். கத்திரி வெயிலில் பூ கொட்டத் தொடங்குமுன் நல்ல மகசூல் கைக்கு வந்திருக்கும்.

விதைதான் பெரிய விஷயம். கடை வற்றலை உடைத்துப் போட்டாலும் முளைக்கும்தான். ஆனால் அது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் பிள்ளைச் செடி தாயைப் போல வராது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு, தென்கோடியின் காந்தாரி போன்ற நாட்டு ரகங்களை நோயில்லாத செடியிலிருந்து, நன்றாகச் சிவந்த பழமாக எடுக்க வேண்டும். பக்கத்துப் பையில் வேறு ரகம் இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். மொட்டு விரியுமுன் ஒரு கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டி, காய் பிடித்ததும் அவிழ்த்து, அந்தக் காய்க்கு நூலால் அடையாளம் வைப்பது நல்லது.

பழத்தைக் கீறினால் விதைகள் வெள்ளைச் சதையில் ஒட்டியிருக்கும். காரம் சுரப்பது அந்தச் சதையில்; விதையில் பட்டிருப்பது அதன் பூச்சு மட்டுமே. காரப்பொருளான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. கையில் எண்ணெய் தேய்த்துச் சோப்பு போட்டால்தான் எரிச்சல் அடங்கும். அதே கேப்சைசினைக் கொண்டு, சூட்டை உணரும் நரம்பு வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடம் அந்த வாயிலைக் கேப்சைசின் தூண்டுவதில்லை. பழத்தை விழுங்கி, விதையை முழுசாகப் பரப்புவது அவைதான்.

முளைக்க 25 முதல் 30 டிகிரி சூடு தேவை. மார்கழிக் குளிரில் இரண்டு வாரம்கூட ஆகலாம். பொறுக்காமல் தண்ணீரை ஊற்றினால் நாற்றின் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் அழுகி, நூலாக இளைத்துச் சாய்ந்துவிடும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த குழித்தட்டில், காலையில் மட்டும் பூவாளியால் தெளித்தால் போதும். முளை தெரிந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

நட்ட பிறகு இலையைத் திருப்பிப் பார்ப்பதே தினசரி வேலை. ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன்; அதற்கு நனையும் கந்தகம். இலை சிறுத்து, வெளிறி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதைக் குணமாக்க மருந்து இல்லை. செடியைத் தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்தினால் பக்கத்துப் பைகளையாவது காப்பாற்றலாம்.