கடல் உடைத்தாலும் பொருள் உரியவருக்கே

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கம்பளி வணிகர் குடும்பம் ஒன்று 14ஆம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை இன்றும் இருக்கிறது. டாவன்சாட்டி மாளிகை என்ற பெயரில் அது இப்போது அரும்பொருட்காட்சியகம். யாழ்ப்பாணத் தீவுகளுக்கு வந்த பழைய வணிகர்களை அறிய நாம் போக வேண்டியது வீட்டுக்கல்ல, ஒரு கல்லிடம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகப் பேருந்தில் குறிகட்டுவான் துறைக்குச் சென்று படகேறினால் நயினாதீவு. அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. பொறிக்கச் செய்தவர் சிங்கள மன்னர் முதலாம் பராக்கிரமபாகு.

பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உரியவருக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

சகோதரிகளே, அக்காலக் குதிரை வணிகத்தில் அரபு வணிகர்கள் முன்னின்றவர்கள். மொழியும் உறவும் இல்லாத ஊரில், கடல் பறித்த பின்னும் 'இது என்னுடையது' என்று கேட்கும் உரிமையை அந்தக் கல் வணிகருக்குத் தந்தது.

1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளையும் கடைகளையும் விட்டுச் சென்றார்கள். அங்கே கடல் எதையும் உடைக்கவில்லை. நயினாதீவுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லின் செய்தியைச் சொல்லுங்கள். அந்நியரின் பொருளும் அமானிதமே.