குதிரைக்காரச் சாமியும் கொள்ளுத்தாத்தாவும்

எங்கள் வீட்டு சாமி ரூமில் ஒரு குதிரைக்காரச் சாமி உண்டு. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய, கறுத்துப்போன வட்டத் தகடு. ஒரு பக்கம் குதிரை மேல் ஒருவன், துணிமணி இல்லாமல், கையில் கத்தியோடு. மறுபக்கத்தில் இருந்த தலையை யாரும் கண்டுகொண்டதில்லை. கருப்பராயன் என்று நினைத்து அப்பத்தா அறுபது வருஷம் அதற்குக் குங்குமம் வைத்திருக்கிறாள். நானும் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் கும்பிட்டிருக்கிறேன் (பத்தாவது கணக்கில் கைவிட்டதும் அவர்தான்).

அது பிரிட்டிஷ் வார் மெடல், 1914–18 என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. கண்டுகொள்ளாத அந்தத் தலை ஐந்தாம் ஜார்ஜ். குதிரைக்காரன் செயின்ட் ஜார்ஜ்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கோயமுத்தூர்க்காரர்கள் எங்களை மலையாளத்தான் என்பார்கள், பாலக்காட்டுக்காரர்கள் பாண்டி என்பார்கள். கொள்ளுத்தாத்தாவுக்கு ஊரில் பெயரே 'பட்டாளத்தார்'தான். பஸ்ராவில் துருக்கிக்காரனைச் சுட்டவர், திரும்பி வரும்போது ஒரு தகரப்பெட்டி நிறைய பேரீச்சம்பழம் கொண்டுவந்தவர், வலது தோளில் துப்பாக்கிக் கட்டை இடித்து இடித்துக் காய்ப்பு விழுந்தவர். இதைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. பெண் பார்க்கப் போனாலும் இதுதான் முதல் பேச்சு.

போன லீவில் போயிருந்தபோது குங்குமத்தை மெல்ல ஈரத் துணியால் துடைத்துவிட்டு விளிம்பைப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து புளி, சாம்பல், பித்தளை பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். முதல் உலகப் போர் மெடல்களில் விளிம்பில்தான் விஷயமே இருக்கிறது. வீரனின் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கே பொறித்திருப்பார்கள். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். நம்பர். பிறகு ஒரு சுருக்கெழுத்து. பிறகு கொள்ளுத்தாத்தாவின் பெயர், யாரோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஸ்பெல்லிங்கில். கடைசியில் லேபர் கோர்.

அந்தச் சுருக்கெழுத்து சிப்பாய் இல்லை. லேபரர்.

மெடலின் உலோகமும் அதையேதான் சொன்னது. சண்டை போட்டவர்களுக்கு இந்த மெடலை வெள்ளியில் கொடுத்தார்கள். கூலிப்படைகளில் போனவர்களுக்கு வெண்கலம். சீனர்கள், மால்டாக்காரர்கள், நம்மவர்கள் என்று சுமார் 1,10,000 பேருக்கு வெண்கலத்தில் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளி மெடல்கள் நிறைய அடகுக்கடைக்கும் உருக்குப் பட்டறைக்கும் போய்விட்டன. எங்களுடையது சாமியாக மிஞ்சியதற்குக் காரணமே அதை உருக்கி யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்பதுதான்.

இங்கே வந்த பிறகு விடவில்லை. ராத்திரி குழந்தைகள் தூங்கியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது என்று நாலு மாதம் ஓடியது. வீட்டம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கணக்கு.

முதலில் முட்டிக்கொண்டது ஊர்ப் பெயரில். நாம் 'பாலக்காடு மாவட்டம், கேரளா' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. கேரளா 1956-இல் வந்தது, பாலக்காடு மாவட்டம் 1957-இல், இடுக்கி மாவட்டம் 1972-இல். அதற்கு முன்னால் பாலக்காடு டவுன், சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. பக்கத்திலேயே இருக்கும் எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்ஜியம். அம்மா பிறந்த மூணாறு திருவிதாங்கூர். ஒரே குடும்பத்துக்கு மூன்று அரசாங்கம்! வெள்ளைக்கார சர்க்காரின் படையில் சேர்ந்தவர்களின் காகிதம் ஒரு பக்கம், திருவிதாங்கூர், கொச்சி மன்னர்களின் படையில் சேர்ந்தவர்களின் காகிதம் வேறு பக்கம். அந்த சமஸ்தானப் படைகளைச் சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்த்தார்கள். இன்றைக்கு 9, 16, 17-ஆம் பட்டாலியன்கள் அந்த வழி வந்தவை. ஆகவே தாத்தா எந்த ஊர் என்பதைவிட எந்த ராஜாவின் ஊர் என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பெயர். சுப்பன் என்று ஒருவர் இருந்தால் ஒரு 'பி'யா, இரண்டு 'பி'யா, 'யு'வா, இரட்டை 'ஓ'வா, கடைசியில் 'என்' உண்டா என்று எட்டுப் பத்து விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இனிஷியலை மறந்துவிடுங்கள். அப்பா பெயரும் கிராமமும் கையில் இருந்தால்தான் ஆளைப் பிரித்தறிய முடியும்.

லண்டனில் எல்லாம் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அதிகாரிகள் நிறைய. சாதாரணச் சிப்பாயின் தனிக்கோப்பு பொதுவாகக் கப்பல் ஏறவில்லை, இந்தியாவிலேயே நின்றுவிட்டது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர் என்று அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும். பென்ஷன் வாங்கியவர் என்றால் வீட்டில் பென்ஷன் புத்தகமோ டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ இருக்கிறதா என்று முதலில் பரணைப் பாருங்கள். அதில் இருக்கும் நம்பர் இல்லாமல் எழுதினால் பதில் வருவது கஷ்டம். நான் ஓர் இடத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், கிணற்றில் கல் போட்ட மாதிரி இருந்தது. க்யூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் மெடல் அட்டைகளில் இந்தியப் படையினரும் உண்டு என்பதால் அதையும் புரட்டினேன். கொள்ளுத்தாத்தா அங்கே இல்லை.

இதற்கு நடுவில் நான் தேடாத ஒன்று கிடைத்தது. அம்மாவின் பெரியப்பா மூணாறு எஸ்டேட்டிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் போனவர், திரும்பவில்லை. பர்மாவில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று எஸ்டேட் லயத்தில் ஒரு பேச்சு. பெரியம்மா தாலியைக் கழற்றாமலேயே போய்ச் சேர்ந்தாள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், போரில் இறந்தவர்களைப் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். 'இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், மூணாறு, திருவிதாங்கூர்' என்று வந்தது. அந்த இன்னார் எங்கள் பெரியம்மா. இந்தியன் பயனியர் கோர், 1944. ரங்கூனுக்கு வெளியே டாக்கியான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேரோடு அவர் பெயரும் இருக்கிறது. அம்மாவிடம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தேதி சொல்லுப்பா, பஞ்சாங்கத்தில் திதி பார்க்கணும்" என்றாள். நாள் தெரியாததால் அவருக்கு ஆடி அமாவாசையில்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இறந்தவருக்காவது ஒரு கல் இருக்கிறது. உயிரோடு திரும்பி வந்த கூலிக்கு அதுவும் இல்லை. முதல் போரில் இந்தியாவிலிருந்து 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சண்டை போடாத வேலைகளுக்குப் போயிருக்கிறார்கள். சுமை தூக்குகிறவர், ரோடு போடுகிறவர், சமையற்காரர், குதிரைக்காரர், துப்புரவு செய்கிறவர் எல்லாரும் இதில் அடக்கம். ராதிகா சிங்ஹா 2020-இல் இவர்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். மெசபடோமியாவில் 1916-இல் கூட் கோட்டை விழுந்ததற்குச் சாப்பாடும் மருந்தும் போய்ச் சேராதது ஒரு பெரிய காரணம். அதற்கப்புறம்தான் பஸ்ராவில் துறைமுகம், தண்டவாளம், ரோடு என்று கட்டி முடித்து, 1917 மார்ச்சில் பாக்தாத்தைப் பிடித்தார்கள். அந்தப் படகுத்துறைகளில் மூட்டை இறக்கியவர்கள் இவர்கள்.

செத்தவர்களைக்கூட ஒழுங்காக எழுதவில்லை. பஸ்ரா நினைவுச்சின்னத்தில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் இந்திய அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர் பொறித்தார்கள், மற்ற இந்தியர்களுக்கு வெறும் எண்ணிக்கை. இதையெல்லாம் ஆணையமே 2021-இல் ஓர் அறிக்கையில் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அதே வருஷம் லாகூர் மியூசியத்தில் கிடந்த பதிவேடுகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். பஞ்சாபிலிருந்து போன சுமார் 3,20,000 பேர், கிராமம் கிராமமாக. பார்த்தபோது வயிற்றெரிச்சலாக இருந்தது, ஒளிப்பானேன்.

ஆக கொள்ளுத்தாத்தாவுக்கு என் கையில் இருக்கும் ஒரே ரெக்கார்ட் அந்த மெடலின் விளிம்புதான்.

இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாதம் இழுத்தடித்தேன். எண்பத்தொரு வயது. ஆயுள் முழுக்க 'பட்டாளத்தார் பேரன்' என்று நிமிர்ந்து நடந்தவர். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன்.

"துப்பாக்கி இல்லைங்கறயா?"

"இல்லைங்கப்பா. மூட்டை தூக்குற படை."

"சித்தப்பங்கிட்ட சொல்லிப்போடாத" என்று போனை வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. ஒரு மனுஷனின் தாத்தாவைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. சாமியாகவே விட்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அவருடைய காலை நேரம், எனக்கு நடு ராத்திரி.

"ஏங்கண்ணு, அந்தத் தோள்பட்டைக் காய்ப்பு. சின்னதுல நான் தொட்டுப் பார்த்திருக்கறன். இத்தாச்சோடு இருந்துது. துப்பாக்கி அங்க இடிக்காது. அது நெஞ்சுகிட்டயல்ல வரும்? இது கழுத்தை ஒட்டி, பின்னால. ரெண்டு பக்கமும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பவே தெரிஞ்சிருக்கோணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த நம்பரச் சொல்லு, எழுதிக்கறேன்" என்றார். ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

சித்தப்பாவிடம் அவரே சொல்லிவிட்டாராம். குதிரைக்காரர் இன்னும் சாமி ரூமில்தான் இருக்கிறார். விளிம்பில் படாமல் குங்குமம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.