திறந்த காரும் மூடிய காரும்

இலஞ்சியில் வாழும் எங்கள் இல்லத்திற்குச் சாரல் காலத்தில் விருந்தினர் வரவு மிகுதி. சென்ற ஆடியில் உறவினர் ஒருவர் கூரையை மடக்கித் திறக்கும் காரில் வந்திறங்கினார். குற்றாலத்திற்குப் புறப்படுகையில், எண்பது வயதான எங்கள் அன்னையாரை அதில் அமர்த்துவதா, எங்கள் பழைய அம்பாசிடரில் அமர்த்துவதா என்ற கேள்வி எழுந்தது.

திறந்த காரின் முன்னிருக்கைகள் இரண்டும் வசதியானவை. ஆனால் பின்னிருப்போருக்குத் தனிக் கதவில்லை. முன்னிருக்கையைச் சாய்த்தே நுழைய வேண்டும். மடிந்த கூரை பின்புறத்தை அடைத்துக்கொள்வதால் அங்கே இருக்கை குறுகி, சாய்மானம் செங்குத்தாக நிற்கிறது. முழங்காலை நீட்ட இடமில்லை. பெட்டி வைக்கும் அறையும் சுருங்கிவிடுகிறது. சாரலுக்கு அஞ்சிக் கூரையை மூடினாலோ, துணியின்மேல் மழை இரைகிறது.

உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசிடருக்கோ நான்கு கதவுகள், உயர்ந்த கூரை. பின்னிருக்கையில் மூவர் நெருக்கமின்றி அமரலாம்.

அன்னையார் இரண்டையும் ஏற்றார். போகையில் திறந்த காரின் முன்னிருக்கையில் தலை குனியாமல் ஏறி, மலையைக் கண்குளிரக் கண்டார். தாழ்ந்த அவ்விருக்கையினின்று எழ இருவர் கைகொடுத்தோம். திரும்புகையில் அம்பாசிடரில் பேத்தியின் தோளில் சாய்ந்து உறங்கினார்.

இருவர் உலா வர அது. குடும்பம் இளைப்பாற இது. முதியோர் உள்ள வீட்டார் காரைப் பார்க்கச் சென்றால், முதலில் பின்னிருக்கையில் அமர்ந்து பார்ப்பது நலம்.