தேய்ந்த உறுப்பும் நிலைத்த பெயரும்

பழைய மோட்டார் வண்டியின் தேய்ந்த உறுப்பைச் செப்பஞ்செய்வதோ, களைந்து புதியது பூட்டுவதோ? உறுப்புக்கள் பலவும் மாறியபின் வண்டி அதுவேயோ, பிறிதோ? பிரான்சு நாட்டு லெ மான்ஸ் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய ஈராண்டும் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் பெண்ட்லி வண்டி குறித்து இவ்வினாவே வழக்காயிற்று. ஒரு கோடி பவுன் மதிப்பில் அதனைக் கொள்ள உடன்பட்டோர், முதலுறுப்புக்கள் பெரும்பாலும் இலவென்று பின்னர் மறுத்தனர். 1990-இல் இலண்டன் உயர்நீதிமன்ற நீதிபதி, வண்டியின் வரலாறு இடையறாது தொடர்ந்தமையின் அஃது அப்பெயர்க்கு உரியதே எனத் தீர்ப்பளித்தார். பெயர் நிலைத்தது, ஆயினும் களைந்த உறுப்புக்கள் மீண்டில. தேய்ந்த உறுப்பிலும் அதனைச் செய்தார் கைத்திறன் உறைகின்றதன்றோ? ஆதலின் செப்பஞ்செய்யத் தக்கதைச் செப்பஞ்செய்க; பிரேக்கு முதலியன பழுதுற்று உயிர்க்கு ஏதமாமாயின் தயங்காது மாற்றுக; மாற்றியதைக் குறித்துவைத்து, கழற்றியதையும் எறியாது பேணுக.